பட்டறையிலிருந்து சாலைக்கு: புதுப்பித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டை மறுபடி ஓடவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெயிண்ட் காய்ந்து, பம்பர் பளபளத்து, சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டு நிற்கும் பழைய காரைப் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரியப்பாவின் 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் கொட்டகையில் 22 வருடம் நின்ற வண்டி. டிங்கர் வேலையும் பெயிண்டும் முடிந்த அன்று, சாயங்காலம் கும்பகோணம் போய் டிகிரி காபி குடித்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் மெக்கானிக் சாவியைத் தரவில்லை. "தம்பி, இது இன்னும் பொம்மைதான். முதல்ல இதை நிக்க வைப்போம், அப்புறம் ஓட வைப்போம்" என்றார்.

அந்தக் கும்பகோணம் காபிக்கு இன்னும் நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் செய்ததைத்தான், செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலாட்டி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, விட்டு விலகிக்கொண்டிருந்தபோது, இதில் மட்டும் தனி சேசிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். முழு பாடியை ஒரே துண்டாக அடித்துத் தர ஆள் கிடைக்காததுதான் காரணம். அந்தக் குறையே நமக்கு வரமாகிவிட்டது. பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி வந்து சென்னையில் பூட்டுவதற்கு இப்படிப்பட்ட வண்டிதான் வசதி. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் இங்கே ஹெரால்ட் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்ட் நம் ஊருக்கே உரியது. இங்கிலாந்தில் கிடையாது.

முதலில் காகிதம்

இதைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் என்ன நிறம் எழுதியிருக்கிறதோ அதே நிறம்தான் வண்டியிலும் இருக்க வேண்டும். நிறத்தை மாற்றினாலும் இன்ஜினை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் வண்டி ஆர்.சி.யில் சாம்பல் நிறம். எனக்கு ஆசை சிவப்பு. சாம்பலே அடித்தோம். இப்போது பார்த்தால் அதுதான் அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வாளர் அந்த நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார். பெயிண்டர் அதன்மேல் பட்டி பூசியிருந்தால் நீங்கள்தான் உட்கார்ந்து சுரண்ட வேண்டும். நம்பர் தகட்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருந்து, கடைசியில் மாட்டுவது நல்லது.

உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. பழைய ஆர்.சி. விவரம் கணினியில் ஏறாமல் இருந்தால், முதலில் அதை ஏற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். இதற்கே சில வாரம் ஓடிவிடும் என்பதால்தான் காகிதத்தை முதலில் வைத்தேன்.

அப்புறம் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் முதல் இந்தக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதத்துக்கும் பசுமை வரிக்கும் தனிக் கணக்கு. இன்னொரு வழி, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு. 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரி காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. காய்கறி வாங்கவும் கல்யாணத்துக்குப் போகவும் வண்டி வேண்டும் என்றால் சாதாரணப் புதுப்பித்தல்தான் சரி. நான் அதைத்தான் எடுத்தேன்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். முழுக் காப்பீடு வேண்டுமானால், 5 ஆண்டு தாண்டிய வண்டிக்கு மதிப்பு என்பது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான். பட்டறை பில்களையும் படங்களையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பதிவும் காப்பீடும் கைக்கு வரும்வரை வண்டியைச் சாலையில் உருட்டாதீர்கள். எங்கே கொண்டுபோக வேண்டுமானாலும் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

பிரேக்: இன்ஜினுக்கு முன்னால்

என் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்தி நிறுத்தும் வகை. மிதியை லேசாக்கும் பூஸ்டர் கிடையாது. அதைவிட முக்கியம், நான்குக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் லைன். இன்றைய கார்களில் ஒரு லைன் உடைந்தால் இன்னொன்று காப்பாற்றும். இதில் எங்கே ஒரு சொட்டு கசிந்தாலும் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். அதனால் ரப்பர் என்று பெயருள்ள எல்லாவற்றையும் மாற்றுங்கள்: பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கிட், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களின் கப்புகள், ஹோஸ்கள். சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருந்தால் புது கப் போட்டும் பயனில்லை. லேத்தில் கொடுத்து ஸ்லீவ் அடிக்க வேண்டும், அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். முன்பக்க இடது ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தது, விரிசல் இல்லை. மிச்சம் பிடிப்போம் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது நாள் ஓட்டத்தில் வண்டி இடப்பக்கம் இழுத்தது, டிரம்மைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. அந்த ஹோஸ் உள்ளே ஊறி உப்பியிருந்தது. மிதிக்கும்போது எண்ணெய் உள்ளே போகிறது, காலை எடுத்தால் திரும்பி வர வழியில்லை, ஷூ டிரம்மைப் பிடித்தபடியே நிற்கிறது. வெளியே பார்த்து எந்த ஹோஸையும் நம்பாதீர்கள்.

பழைய பிரேக் எண்ணெயை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக டாட் 3 அல்லது டாட் 4 ஊற்றுங்கள். புதுப் பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தால் பெயிண்ட் உரிந்துவிடும், பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். லைனில் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. முதலில் எல்லா ஷூவையும் சக்கரம் சுற்றாத அளவுக்கு அட்ஜஸ்டரை இறுக்கி, ஒரு கிளிக் பின்னால் விட்டுக்கொண்டால் பெடல் மேலேயே நிற்கும். வேலை முடிந்ததும் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்தபடி இருங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. ஹேண்ட் பிரேக்கையும் அலட்சியம் செய்யாதீர்கள். பெடல் போய்விட்டால் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

கிளட்சும் இதில் ஹைட்ராலிக்தான், அதற்குத் தனி மாஸ்டர் சிலிண்டர். அதையும் இதே சூட்டில் முடித்துவிடுங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கியர் விழாது. பெடலைக் கட்டையால் அழுத்தி முட்டுக்கொடுத்து இரண்டு நாள் விட்டால் சில நேரம் தானே விட்டுவிடும்.

டயரில் பூ நன்றாக இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, வயதுதான் கேள்வி. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். "3408" என்றால் 2008-ன் 34-வது வாரம். அந்த நான்கு இலக்கமே இல்லையென்றால் 2000-க்கு முந்தைய டயர், யோசிக்காமல் கழற்றுங்கள். பழைய 5.20-13 அளவுக்குப் பதில் 155/80 ஆர்13 ரேடியல் போடலாம். போட்டால் ஐந்தும் ரேடியலாக இருக்கட்டும், பழைய வகையையும் ரேடியலையும் கலக்க வேண்டாம்.

ஹெரால்டுக்கே உரிய ஒரு சொட்டு எண்ணெய்

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்கின் அடியில் ட்ரனியன் என்று ஒரு பித்தளைப் பாகம் இருக்கிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை இந்தப் பித்தளைக்குள் திருகி ஏறி இறங்குகிறது. இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் ஆயில். நம் சர்வீஸ் ஸ்டேஷன்களில் கிரீஸ் கன்னோடு நிற்கும் பையன் எந்த ஓட்டையைப் பார்த்தாலும் கிரீஸைத்தான் அடிப்பான். கெட்டிப்பட்ட கிரீஸ் மரைக்குள் போகாது. தண்ணீர் மட்டும் போகும். உள்ளே துருப்பிடித்து, ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது லிங்க் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும்.

புதுப்பித்த வண்டியாக இருந்தாலும் இதைக் கழற்றி, மரையில் துரு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். ஒரு பழைய கிரீஸ் கன்னைக் கழுவி, அதில் கியர் ஆயிலை நிரப்பி, மேலே வழியும்வரை அடிக்க வேண்டும். நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறையும் செய்கிறேன். பாகம் கிடைக்காதே என்று கவலை வேண்டாம். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கும், இதே சேசிஸ் வழியில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபையர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இன்றும் பாகங்கள் செய்து விற்கிறார்கள். ரப்பர் சாமான்களை அங்கிருந்தே வரவழைத்தோம். பொதுவான சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும். கடைசல் வேலைக்குக் கோயம்புத்தூர்.

பெட்ரோல்

22 வருடத்துக்கு முந்தைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி டேங்கின் அடியில் ஒட்டியிருந்தது. டேங்க் டிக்கியில்தான் இருக்கிறது, கழற்றுவது எளிது. உள்ளே சைக்கிள் செயின் துண்டுகளைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு பேர் பிடித்து அரை மணி நேரம் குலுக்குங்கள். வரும் சேற்றைப் பார்த்தால் இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்யாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று புரியும். செயின் துண்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். நாங்கள் ஆறு போட்டோம், ஐந்துதான் வந்தது. ஆறாவதுக்காக இன்னொரு மணி நேரம் தலைகீழாகக் குலுக்கினோம்.

இன்று பங்கில் வருவது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் இதில் ஊறிக் கெட்டுப்போகும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டுவதைவிடப் பெரிய ஆபத்து பழைய காரில் இல்லை. ஹோஸ் வாங்கும்போது அதன் மேலேயே எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எத்தனால் தாங்கும் டயஃப்ரம் கிட்டாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை மெலியும், இன்ஜின் சூடாகும், இழுவை குறையும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கியதும் என் வண்டி அடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், ஓட்டாமல் வைக்கப்போகிற வண்டியில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

இன்னொன்று, இந்த வண்டி ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் நின்றுவிட்டது. வால்வு சீட்டுக்கு மெத்தென்ற பாதுகாப்பு கொடுத்தது அந்த ஈயம்தான். ஹெட் கழற்றியிருந்தால் அப்போதே கெட்டியான சீட் அடித்துவிடுங்கள். கழற்றவில்லையென்றால் வால்வு இடைவெளியை அடிக்கடி பாருங்கள். குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். அது தானாகக் குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம்.

தண்ணீரும் கரன்டும்

ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்து அடைப்பெடுத்தால் மட்டும் போதாது. துருச்சேறு பிளாக்கின் பின்பக்கம், நான்காவது சிலிண்டரை ஒட்டித்தான் தங்கும். பிளாக்கின் வடிகால் திருகைக் கழற்றி, கம்பியால் குத்தி, தெளிவாக வரும்வரை தண்ணீர் அடியுங்கள். ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட் மூன்றும் புதிது. நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று கழற்றி எறிபவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலன்ட் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள், வெறும் குழாய்த் தண்ணீர் மறுபடியும் துருவைத்தான் கொண்டுவரும்.

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனையை பாடியில் கட்டுவது, சகஜம். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை பாடியில் கட்டிவிட்டால் டைனமோ சார்ஜ் தராது, எலெக்ட்ரானிக் சாமான் ஏதாவது இருந்தால் புகைந்துவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றலாம். இக்னிஷன் காயில் ஒயர்களை இடம் மாற்ற வேண்டும், டைனமோவின் எஃப் முனையில் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் உயிர் முனையிலிருந்து ஒரு கணம் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். செல்ஃப் மோட்டாருக்கு எப்படி இருந்தாலும் கவலையில்லை.

பெயிண்ட் அடித்த வண்டியில் பாதிக் கரன்ட் கோளாறு எர்த் கோளாறுதான். பளபளவென்று பெயிண்ட் அடித்த இடத்தில் எர்த் ஒயரை முடுக்கியிருப்பார்கள். அந்த இடத்தை மட்டும் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எங்கள் வண்டியில் ஃபியூஸ் பாக்ஸே இல்லை. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் தனித்தனி ஃபியூஸும், பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டேன். அசல் தன்மை கெடுகிறது என்று ஒருவர் குறைப்பட்டார். கெடட்டும்.

முதல் ஸ்டார்ட்

தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். சைலன்சருக்குள் கம்பியை விட்டுப் பாருங்கள், எங்களுக்கு ஒரு எலிக்கூடு முழுசாக வந்தது.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்று வர வேண்டும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பில் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் சுமார் 4 லிட்டர். நவீன கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் வேண்டாம். இந்த இன்ஜினின் டேப்பெட்டுகளுக்குத் துத்தநாகச் சேர்க்கை உள்ள ஆயில் தேவை. பிளக் இல்லாமலே செல்ஃப் அடியுங்கள், ஆயில் விளக்கு அணையும்வரை, பத்து பத்து விநாடியாக. விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கைப் பூட்ட வேண்டும். பிளக் இடைவெளி 0.64 மி.மீ., ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி 0.4 மி.மீ., சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2.

பம்பில் இருக்கும் கைநெம்புகோலால் பெட்ரோல் ஏற்றி, சோக் இழுத்து, சாவி. எங்கள் வண்டி நாலாவது முயற்சியில் பிடித்தது, கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. அந்தப் புகை சிலிண்டரில் விட்ட ஆயில், சில நிமிடத்தில் நிற்கும். ஹெரால்டின் பானட் முன்பக்கமாக மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும் என்பதால், முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஓடும் இன்ஜினை நாலா பக்கமும் பார்க்கலாம். ஒருவர் டார்ச்சோடு கசிவைப் பார்க்க, ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் புதிதாகப் போட்டிருந்தால் வெறும் ஐடிலில் விடாதீர்கள், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேலேயே 20 நிமிடம் ஓட்டுங்கள். முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கி, வால்வு இடைவெளி பாருங்கள்.

சாலை: 500 மீட்டர், 5 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர்

முதல் ஓட்டம் காலியான களத்துமேட்டில் 500 மீட்டர். நடைவேகத்தில் பிரேக், அப்புறம் 20-ல், அப்புறம் 40-ல். கையை லேசாக விட்டால் நேராக நிற்கிறதா பாருங்கள். ஓட்டத்தில் கியர் சிக்காமல் விழ உதவும் சிங்க்ரோ முதல் கியரில் கிடையாது, வண்டி முழுக்க நின்றபின்தான் போட வேண்டும். திருப்பிப் பார்த்தால் ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், ஆட்டோக்காரரே ஆச்சரியப்படுவார்.

அடுத்து, பதிவும் காப்பீடும் கைக்கு வந்த பிறகு, வீட்டைச் சுற்றி 5 கிலோமீட்டர். நிறுத்தியதும் நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரச்சினை. பிறகு 50 கிலோமீட்டர். திரும்பி வந்ததும் வீல் நட்டுகளைத் திரும்ப முடுக்குங்கள். புதுப் பெயிண்ட் அமுங்குவதால் அவை தளரும். பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கும் இதே கதைதான். கதவு திடீரென்று சரியாகச் சாத்தவில்லை என்றால் கதவைப் பார்க்காதீர்கள், இந்த போல்ட்டுகளைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது பின்சக்கரம் ஆக்ஸிலோடு சேர்ந்து மேலும் கீழும் சாயும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய், பயந்து நடுவில் பிரேக் அடித்தால் பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி சுழன்றுவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி போக வேண்டும். ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ முதல் மாதமே கிளம்பிவிடாதீர்கள்.

முதல் 500 கிலோமீட்டர் வரை 60-ஐத் தாண்ட வேண்டாம். டாப் கியரில் இழுக்க முடியாமல் திணறவும் விடாதீர்கள். டிக்கியில் இருக்க வேண்டியது: ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப்புகள், ஸ்பார்க் கொடுக்க உதவும் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், ஒயர், பிரேக் எண்ணெய், ஐந்து லிட்டர் தண்ணீர். இங்கே மெக்கானிக் அண்ணன் சொன்ன ஒன்று: "புதுசு போட்டாலும் பழசைத் தூக்கிப் போடாதீங்க தம்பி. ஓடிக்கிட்டிருந்த கண்டென்சர் தங்கம்." இரண்டாவது வாரமே புதுக் கண்டென்சர் வல்லம் பக்கத்தில் செத்தது. டேஷ்போர்டில் கிடந்த பழையதைப் போட்டேன், இன்றும் அதுதான் ஓடுகிறது.

ஆர்.டி.ஓ. ஆய்வு, களத்துமேட்டு ஓட்டத்துக்குப் பிறகு, சாலையில் இறங்குவதற்கு முன்பே முடிய வேண்டியது. அதற்குப் போகும்போது லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக் எல்லாவற்றையும் முந்தின இரவே ஒருமுறை பாருங்கள். புகைச் சோதனைக்கு இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுக்க உள்ளே இருக்கும்போது கொண்டுபோங்கள். குளிர்ந்த இன்ஜினோடு போய் நின்றால் புகை அதிகமாகக் காட்டும்.

500 கிலோமீட்டரில் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து, ஃபில்டரோடு மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மின்னும் பொடி கொஞ்சம் இருக்கும், துண்டுகள் இருக்கக் கூடாது. ஹெட் நட்டு, வால்வு இடைவெளி, பாயிண்ட், பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் நான்கையும் மறுபடி ஒரு சுற்று. இதை முடித்த மறுநாள் காலையில்தான் அண்ணன் சாவியைக் கையில் கொடுத்தார். கும்பகோணம் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பும்போது பாபநாசத்தில் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கிப் பார்த்தேன், எர்த் ஒயர்தான்.